பிரேக் இல்லாத படகு

அன்னத்தின் கழுத்தை முறித்தது நான்தான். சாட்சி, விசாரணை எதுவும் வேண்டாம். படகுத்துறையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

துறையில் கால்மிதிப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஃபைபரில் செய்த வெள்ளை அன்னங்கள். வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். அதில் கடைசி அன்னத்தை நோக்கி எங்கள் அலுமினியப் படகு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் என் கையில். துறை நெருங்குவதைப் பார்த்ததும், ஊரில் பாதிப் பேருக்கு நான் எதைக் கற்றுக்கொடுத்தேனோ அதையே செய்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டீயரிங்கை ஒடித்தேன். எடுத்த காலால் பக்கத்தில் பிரேக்கைத் தேடினேன். அங்கே என் மச்சினனின் சாப்பாட்டுப் பை இருந்தது. அதை நன்றாக அழுத்தி மிதித்தேன்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். 'பயம் வந்தா மொதல்ல கால எடு' என்பதுதான் என் பள்ளியின் வேதம். ஆனால் அது சாதாரணப் படகு இல்லை, ஜெட் படகு. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்துத்தான் அது ஓடும். பீய்ச்சுகிற குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதை வைத்துத்தான் படகும் திரும்பும். காலை எடுத்தால் பீய்ச்சுவது நின்றுவிடும். பீய்ச்சுவது நின்றால் ஸ்டீயரிங் வெறும் அலங்காரப் பொருள். பயம் வந்தால் அழுத்த வேண்டும். இதை மச்சினன் எனக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருந்தான். நானும் பத்துத் தரம் தலையாட்டியிருந்தேன்.

படகு அன்னத்தை மரியாதையாக முட்டியது. கழுத்து 'டக்' என்றது. தலை தண்ணீரில் விழுந்து என்னைப் பார்த்தபடியே மிதந்து போயிற்று.

"நிமிந்து நின்ன ஒரே அன்னம் அதுதான் சார்" என்றார் துறைக்காரர். கோபத்தைவிட அவர் குரலில் துக்கம் அதிகமாக இருந்தது.

"நல்லவேளை, முட்ட போடற நிலையில இல்ல" என்றேன் நான்.

கரையில் சிலர் சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை. குனிந்து படகின் நசுங்கிய மூக்கைத் தடவிக்கொண்டிருந்தான். மூக்குக்காகத்தான் முகம் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படகு என்னுடையது. அதை ஜெட் படகாக மாற்றும் யோசனையும் என்னுடையது. கைவேலை முழுக்க அவனுடையது. அவன் ஏசி மெக்கானிக். என் மனைவியின் ஒரே தம்பி, எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறவன். ஆற்றில் கொஞ்ச தூரம் ஓட்டத்துக்கு எதிராக மேலே போனால் ஒரு பாறைப் பரப்பு வரும். கணுக்கால் ஆழத் தண்ணீர்தான் அதன்மேல் ஓடும். அதைத் தாண்டினால் பெரிய மடு ஒன்று இருக்கிறது. மேல்மடு என்பார்கள். கரை வழியாகப் போக முடியாது, முள்ளும் சரிவுமாக இருக்கும். படகில் போனால் ப்ரொப்பல்லர் பாறையில் மோதிப் பல்லை உடைத்துக்கொள்ளும். நாங்கள் உடைத்த ப்ரொப்பல்லர்களைக் கோர்த்து வாசலில் தோரணம் கட்டலாம். அப்படி ஒன்றை உடைத்துவிட்டுத் துடுப்புப் போட்டுத் திரும்பிய ஒரு நாளில்தான் நான் சொன்னேன்:

"வாட்டர் ஸ்கூட்டருக்கு வெளிய ப்ரொப்பல்லரே கெடையாதே மாப்ள. அதோட கொடல உருவி இதுக்குள்ள வெச்சா என்ன?"

அவன் துடுப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "மாமா, கல்யாணமான நாள்லேருந்து நீங்க பேசினதுல இது ஒண்ணுதான் உருப்படி."

பழைய இரும்புக் கடையில் ஒரு வாட்டர் ஸ்கூட்டர் கிடைத்தது. உடம்பெல்லாம் வெடிப்பு, உள்ளே எஞ்சின் மட்டும் சமர்த்து. வெல்டிங் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே எங்கள் படகைக் குப்புறக் கவிழ்த்தோம். பட்டறைக்காரனை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவு ஒல்லி. வெல்டிங் முகமூடியைப் போட்டால் முகமூடிதான் நிற்பது போலிருக்கும். படகின் அடியில் மச்சினன் கோடு போட்டுக் கொடுத்ததும் ஊசி கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுக்கங்கண்ணே. ஓட்ட இல்லாததுனாலதான் இதுக்குப் படகுன்னு பேரு" என்றான். வெட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொந்தப் படகில் ஓட்டை விழுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

எனக்குக் கொடுத்த வேலைகள் என் தகுதிக்கு ஏற்றவை. டேப்பின் அந்த முனையைப் பிடிப்பது. அழுக்கோடு அலுமினியம் ஒட்டாது என்பதால் வெல்டிங்குக்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்ப்பது. தண்ணீர் உறிஞ்சும் சுரங்கத்தைத் தகட்டில் வளைத்து அடியில் பற்ற வைத்து முடித்ததும் கசிவு பார்க்க வேண்டியிருந்தது. படகை ஸ்டாண்டில் நிறுத்தி உள்ளே தண்ணீர் நிரப்பிவிட்டு, நான் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டேன். எங்கே சொட்டுகிறது என்பதை என் முகம் சொல்லும், ஊசி சாக்பீஸில் வட்டம் போடுவான். "அண்ணன் மூஞ்சி நல்ல கருவி" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆக்சிலேட்டர் பெடலும் நான் கொடுத்ததுதான், என் பள்ளியில் ஓடித் தேய்ந்த காரிலிருந்து கழற்றியது.

அந்த நாள்களில் மச்சினன் தினமும் ஒரு வாக்கியம் சொல்வான். "மொத ஓட்டம் மேல்மடுவுக்குத்தான் மாமா. நீங்க முன்னாடி, நான் பின்னாடி." ஸ்டீயரிங்கும் பெடலும் பின் இருக்கையில்தான், முன் இருக்கை வேடிக்கை பார்க்க. நான் கேட்டு வாங்கிய வாக்குறுதி இல்லை இது. அவனாகவே சொன்னது. நான் எனக்கென்று பெரிய அளவில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகூட வாங்கிவிட்டேன். என் சுற்றளவுக்குக் கடையில் அந்த ஒன்றுதான் இருந்தது.

அதற்கு முன்னால் துறையருகே சும்மா ஓட்டிப் பார்த்தபோதுதான் அன்னம் போனது. அதற்குப் பிறகு அந்த வாக்கியம் நின்றது. வேறு வாக்கியங்கள் வந்தன.

"மூக்க நிமித்தணும் மாமா."

"பம்ப்ல ஒரு சத்தம் கேக்குது."

"ரப்பர் சீல் வரணும்."

"ஊசிக்கு ஒடம்பு சரியில்ல."

நான் எல்லாவற்றையும் நம்பினேன். முட்டியவன் நான்தானே, எந்த வாயால் அவசரப்படுத்துவது? பதிலாக, கெட்ட பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பயிற்சி எடுத்தேன். காரில் எடுத்தால் கொலைக் கேஸ் ஆகும். எனவே வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பாத்திர மூடியை ஸ்டீயரிங்காகப் பிடித்து, யாராவது குறுக்கே வந்தால் வலது காலை அழுத்தப் பழகினேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"படகு ஓட்டறேன். கொஞ்சம் குறுக்க நட."

நடந்தாள். நான் அழுத்தி, ஒடித்து, அவளைத் தப்பவிட்டேன். "பாத்தியா? கால எடுக்கவே இல்ல!"

அவள் சிரிக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "அந்த மூடிய வெச்சுட்டு வாங்க, அடுப்புல பாத்திரம் தொறந்து கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போனேன். துணிக்கொடியில் என் மிதவைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மோந்து பார்த்தேன், ஆற்று வாசம். அதைவிட, அதன் வார்களைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. கடைசி வரைக்கும் இழுத்து இறுக்கியிருந்தது. அந்த அளவில் என் தொடைகூட நுழையாது.

துணி எடுக்க மனைவி வந்தாள். என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ஏன் நனஞ்சிருக்கு?" என்றேன்.

"தொட்டி வழிஞ்சிருக்கும்."

"தொட்டி அந்தப் பக்கம் இருக்கு."

"காத்துல அடிச்சிருக்கும்."

"வார யாரு இறுக்கினது? காத்தா?"

"அவன்கிட்டயே கேளுங்களேன். என்ன ஏன் போட்டுக் கொடயறீங்க?" என்று காயாத துணிகளையும் சேர்த்து வாரிக்கொண்டு இறங்கிப் போனாள். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளுக்கு நன்றாகப் பொய் சொல்ல வராது என்பது எனக்குத் தெரியும். சொல்லவே மாட்டாள் என்றும் நினைத்திருந்தேன்.

அன்றே பட்டறைக்குப் போனேன். படகு தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. மூக்கு எப்போதோ நிமிர்ந்துவிட்டது. பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். குனிந்து அடியில் உறிஞ்சு வாயைப் பார்த்தேன். அங்கே கல்லும் குச்சியும் உள்ளே போகாமலிருக்க ஒரு கம்பிச் சல்லடை உண்டு. கம்பிகளுக்கு நடுவில் ஆற்றுப் பாசி சிக்கியிருந்தது. வாடாத பச்சை. விரலில் எடுத்து ஊசியிடம் நீட்டினேன்.

"என்ன ஊசி இது?"

"பாசிண்ணே."

"அது தெரியுது. பட்டறையில எப்படி மொளச்சுது?"

ஊசி முகமூடியை இறக்கிப் போட்டுக்கொண்டான். கையில் வெல்டிங் வேலை எதுவும் இல்லை. முகமூடிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் பத்த வெக்கிறவன்ண்ணே. பாசியப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னானே மாப்ள."

"ஆமாண்ணே. இல்லண்ணே. இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு."

அதற்கு மேல் அவனைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. திருட்டு முழி முழிக்கிறவனைப் பார்த்தால் எனக்கே வெட்கமாகிவிடும். தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிட்டு, "ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராத்திரி மச்சினன் சாப்பிட வந்தான். "படகு எப்ப ரெடியாகும் மாப்ள?" என்றேன். "அடுத்த வாரம் மாமா" என்றான் தட்டைப் பார்த்து. மனைவி அவனுக்கு இன்னொரு கரண்டி போட்டாள். மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டோம். நான் வழக்கம்போல ஸ்கூல் கதை ஒன்று சொன்னேன், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதும் தானே திரும்பி உட்கார்ந்துகொண்ட மாணவரின் கதை. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே போகிற சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு கிளாஸ் இருக்கு" என்றேன்.

"இன்னைக்கா?" என்றாள் மனைவி சட்டென்று. "எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம்."

"மத்தியானமா போங்களேன்."

நான் போனேன்.

படகு இறக்குகிற சரிவில் மச்சினனின் வண்டி நின்றது. பின்னால் காலி ட்ரெய்லர். அதன் சட்டத்திலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதன்மேலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். பின்பக்கம் நனைந்தது. கோபமாக வந்தவன் ஈரப் பேன்ட்டோடு எப்படிக் கோபப்படுவது என்று அதற்கு வேறு கவலைப்பட்டேன்.

முதலில் சத்தம் வந்தது. அப்புறம் வளைவில் படகு வந்தது. என்ன சொல்வது, அழகாக இருந்தது. மூக்கு கொஞ்சமாகத் தூக்கி, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும், பின்னால் வெள்ளையாக ஒரு வால். வளைவில் மச்சினன் காலை எடுக்கவேயில்லை. அழுத்தித் திருப்பினான். வாத்தியார் புத்தி போகுமா, உட்கார்ந்த இடத்திலேயே அவனுக்கு மனசுக்குள் பாஸ் போட்டேன். முன் இருக்கையில், என் இடத்தில், என் ஆரஞ்சுச் சட்டைக்குள் ஊசி இருந்தான்.

என்னைப் பார்த்ததும் எஞ்சின் நின்றது. படகு சத்தமில்லாமல் வந்து கரையில் மணலைத் தொட்டது. நானே அவனுக்கு வழி எடுத்துக் கொடுத்தேன்.

"சோதனை ஓட்டமா மாப்ள?"

"ஆமா மாமா" என்றான் பாய்ந்து. "சும்மா ஒரு சோதனைதான்."

"மேல்மடு வரைக்குமா?"

"சேச்சே, மேல்மடு வரைக்கும்லாம் இல்லண்ணே" என்றான் ஊசி. அவன் நேர்மையான ஆள். பொய் அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "அதுக்குக் கொஞ்சம் மேல."

"எத்தனாவது தடவ?"

ஊசி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். மச்சினன் அவனை ஒரு பார்வை பார்த்தான். விரல்கள் மடங்கின.

"எறங்கு ஊசி" என்றேன். "சட்டையக் கழட்டு."

வார்களைத் தளர்த்தித் தளர்த்தி ஒருவழியாக என்னை அதற்குள் திணித்துக்கொண்டேன். படகில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். "எடு மாப்ள. நீங்க முன்னாடி, நான் பின்னாடின்னு யாரோ சொன்னாங்களே. போலாம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பினான்.

படகு போயிற்று. ஆனால் சற்று முன் பார்த்த படகு இல்லை அது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அமிழ்ந்து, சேற்றில் எருமை நடப்பதுபோல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. எழும்பவில்லை. வேகத்தில் தண்ணீருக்கு மேலே எழும்பாத படகு பாறை மேல் ஏறாது, அது எனக்கும் தெரியும். தூரத்தில் பாறைப் பரப்பு வெயிலில் மினுங்கியது. என் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

திடீரென்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"ஏண்டா, இதானா விஷயம்?" என்றேன் திரும்பாமலே. "நான் ஏறினா எழும்பல. அத மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு இத்தன நாளா மென்னு முழுங்கிட்டிருந்தியா?"

பின்னாலிருந்து "ம்" என்று வந்தது.

"பைத்தியக்காரா! கண்ணாடியில என்ன நான் பாக்கறதில்லையா? நான் ஏறினா கார் டயரே கெஞ்சுது, படகு என்ன பண்ணும்? நாளைலேருந்து ராத்திரிச் சாப்பாடு கட். ஒங்கக்கா கையில அந்தக் கரண்டியப் பிடுங்கிப் பூட்டி வெச்சுடறேன். ரெண்டே மாசம், ஊசிக்குத் தம்பியா வந்து நிக்கறேன் பாரு. அப்பப் போலாம், என்ன? அவசரமே இல்ல."

பேசிக்கொண்டே போனேன். பேச்சை நிறுத்தப் பயமாக இருந்தது. என் கைகள் மடியில் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன.

எஞ்சின் நின்றது. படகு மெல்ல மெல்ல ஓட்டத்தோடு பின்வாங்க ஆரம்பித்தது.

"எட இல்ல மாமா" என்றான்.

"பரவால்லடா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்—"

"எட இல்ல. ஒங்கள விடக் கனமா மணல் மூட்ட ஏத்திப் பாத்துட்டோம். சூப்பரா எழும்புச்சு. ஊசி பின்னாடி உக்காந்தும் எழும்புச்சு. இப்ப நான்தான் முழுசா அழுத்தல."

நான் திரும்பி உட்கார்ந்தேன். படகு ஒரு பக்கம் ஆடியது. அவன் என்னை நேராகப் பார்த்தான். கண் சிவந்திருந்தது, பார்வையை மட்டும் எடுக்கவில்லை.

"அப்ப அந்த அன்னமா? அதுக்கா?"

"இல்ல."

"ஒங்கக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். பக்குவமா நான் சொல்றேன்னுச்சு. நாள் தள்ளிக்கிட்டே போச்சு. மொத தடவயே நான் சொல்லியிருக்கணும்."

"என்னத்த? நான் என்னடா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல மாமா. அதான் சொல்ல முடியல. இருக்கறது ஒங்க வீட்டு மாடி. வேல நீங்க பிடிச்சுக் கொடுத்தது. வண்டி நீங்க கத்துக் கொடுத்தது. எங்க போனாலும் நீங்க பேசறீங்க, நான் பக்கத்துல நின்னு சிரிக்கறேன். யாரக் கேட்டாலும் நான் ஒங்க மச்சினன்தான்." நிறுத்தினான். கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "அந்தப் பாறைய மொதமொதல்ல தாண்டினப்ப ஊசி ஒரு வார்த்த பேசல. நானும் பேசல. மேல தண்ணி அப்படியே அசையாம கெடந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

நான் சிரித்துவிடுவேனோ என்று ஒரு கணம் என் முகத்தையே பார்த்தான். நான் சிரிக்கவில்லை.

"படகு ஒங்களுது. எடுத்துக்கங்க. சொன்னா இன்னைக்கே எஞ்சினக் கழட்டிடறேன். ஆனா ஒங்களோட அங்க போக எனக்கு இஷ்டமில்ல மாமா. இன்னைக்கும் இல்ல, ரெண்டு மாசம் கழிச்சும் இல்ல. அந்த எடத்துல எனக்கு நீங்க வேணாம்."